வெள்ளைச் சுவருக்கு முன்னால் நிறம் இழக்கும் சோப்புப் படலம்: ஒரு நிகழ்வு ஆய்வு

பிளஸ் டூ படிக்கும் என் அக்கா மகளுக்குப் பள்ளிக் கண்காட்சியில் வைக்க ஒரு படம் தேவைப்பட்டது. மெல்லிய படலங்களில் ஒளி அலைகள் ஒன்றுசேர்ந்து வலுப்பதும் அழிவதுமான குறுக்கீட்டு விளைவைப் பாடநூல் கோட்டுப் படமாகத்தான் காட்டுகிறது. அதை உண்மையான சோப்புப் படலத்தின் புகைப்படத்தால் விளக்க வேண்டும் என்பது அவள் ஆசை. அழகாக இருந்தால் மட்டும் போதாது. படத்தில் உள்ள நிறப் பட்டைகளை எண்ணிப் பார்த்து, படலம் இந்த இடத்தில் இத்தனை நானோமீட்டர் (மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு) தடிமன் என்று கண்காட்சிக்கு வருகிறவரே சொல்ல முடிய வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனைதான் வேலையைக் கடினமாக்கியது. அழகு மட்டுமே நோக்கமாக இருந்திருந்தால் பாதி விஷயங்களை ஆராயாமலேயே விட்டிருப்போம்.

அவள் ஏற்கெனவே செல்பேசியில் எடுத்து வைத்திருந்த படங்களிலிருந்து தொடங்கினோம். தூத்துக்குடியில் அவர்கள் வீட்டுக் கூடத்தில், பகலில், டியூப்லைட்டையும் போட்டு எடுத்தவை. குமிழிகளில் டியூப்லைட் வெள்ளைக் கோடாக வளைந்து தெரிகிறது. மின்விசிறியின் இறக்கை தெரிகிறது. செல்பேசியைப் பிடித்த கையும் அதற்குப் பின்னால் பாதி முகமும் தெரிகின்றன. நிறம் மட்டும் இல்லை. ஓரத்தில் இளஞ்சிவப்பும் பச்சையுமாக ஒரு சாயல், அவ்வளவுதான். குமிழியின் நடுப்பகுதி பின்னால் இருக்கும் சுவரோடு கலந்து காணாமல் போயிருந்தது. நேரில் பார்த்தபோது நிறம் நன்றாகத் தெரிந்தது என்று அவள் சாதித்தாள். அதை நான் நம்பினேன். பார்க்கிறவர் தலையைச் சற்றே அசைத்து, இருண்ட வாசலோ கட்டிலுக்கு அடியோ பின்னணியாக வரும் கோணத்தைத் தம்மை அறியாமலே தேடிக்கொள்கிறார். வைத்த இடத்தில் நிற்கும் கேமராவுக்கு அந்தச் சலுகை இல்லை.

வீட்டில் இரண்டு கட்சிகள் உருவாகியிருந்தன. செல்பேசி போதாது, மாமாவின் பெரிய கேமரா வேண்டும் என்றது ஒன்று. கரைசல் சரியில்லை என்றது மற்றொன்று. இரண்டாவது கட்சிக்கு இணையம் தாராளமாகத் தீனி போட்டிருந்தது: சர்க்கரை, கிளிசரின், குழந்தைகளுக்கான ஷாம்பு, கொத்தவரைப் பிசின். ஒவ்வொன்றையும் கலந்து பார்த்திருக்கிறார்கள். குமிழிகள் நீண்ட நேரம் நின்றன, நிறம் வரவில்லை.

சுவர் செய்த வேலை

சோப்புப் படலத்தின் ஒளிவிலகல் எண் ஏறக்குறைய 1.33. அதன் ஒரு பரப்பின்மேல் நேராக விழும் ஒளியில் 2 விழுக்காடு மட்டுமே எதிரொளிக்கும். முன்பரப்பில் பட்டுத் திரும்பும் அலையும் பின்பரப்பில் பட்டுத் திரும்பும் அலையும் சேர்ந்து வலுப்பெறும் இடத்தில்கூட மொத்த எதிரொளிப்பு 8 விழுக்காடு அளவில்தான் இருக்கும். ஒன்றையொன்று அழிக்கும் இடத்தில் எதுவுமே திரும்பி வராது. எந்த அலைநீளம் வலுக்கிறது, எது அழிகிறது என்பதைப் படலத்தின் தடிமன் தீர்மானிக்கிறது. படலத்தில் சாயம் எதுவும் இல்லை. ஒளியை விழுங்கும் பொருளும் இல்லை.

விழுங்குவதில்லை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முழுச் சிக்கலும் அதில்தான் இருக்கிறது. எதிரொளிக்காத பங்கு முழுவதும் படலத்தை ஊடுருவிப் போய்விடுகிறது. ஓரிடத்தில் படலம் பச்சையை எதிரொளித்தால், ஊடுருவிச் செல்லும் ஒளியில் சரியாக அதே அளவு பச்சை குறைந்திருக்கும். இனி வெள்ளைச் சுவர்கள் சூழ்ந்த அறைக்கு வருவோம். கேமரா இருக்கும் பக்கத்துச் சுவரின் ஒளி படலத்தில் பட்டுப் பச்சையாகத் திரும்பி வருகிறது. படலத்துக்குப் பின்னால் இருக்கும் சுவரின் ஒளி, பச்சை குறைந்து இளஞ்சிவப்புச் சாயலோடு ஊடுருவி, அதே கேமராவுக்கு வந்து சேர்கிறது. இரண்டு சுவர்களும் ஒரே வெளிச்சத்தில் இருந்தால், இவ்விரண்டும் கூடி மறுபடி வெள்ளையாகிவிடும். நிறம் மங்குகிறது என்று சொல்வதுகூடச் சரியில்லை. கணக்குப்படி அது முற்றாகவே அழிந்துவிடுகிறது. அக்கா வீட்டுக் கூடத்துக்கு அப்போதுதான் வெள்ளையடித்திருந்தார்கள் என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும்.

ஆகவே செல்பேசியின்மேல் போட்ட பழி நியாயமானதல்ல. கேமராக் கட்சிக்காரர்களின் மனநிறைவுக்காக என் கேமராவாலும் அதே இடத்தில் நின்று எடுத்துக் காட்டினேன். மின்விசிறி இன்னும் துல்லியமாக விழுந்தது.

இந்த விஷயம் புதிதும் அல்ல. 1704-இல் வெளியான 'ஆப்டிக்ஸ்' நூலில், சோப்புக் குமிழியின் நிற வரிசையைத் தாம் எப்படிப் பார்த்தார் என்று நியூட்டன் எழுதியிருக்கிறார். வானம் வெண்மையாக இருக்கும்போது அதன் ஒளியைக் குமிழியில் எதிரொளிக்கச் செய்து, குமிழிக்குப் பின்னால் கறுப்புப் பொருள் ஒன்றை வைத்திருக்கிறார். காற்று அசைத்தால் நிறங்கள் தாறுமாறாகக் கலந்துவிடும் என்பதால், ஊதிய உடனே தெளிந்த கண்ணாடியால் குமிழியை மூடியிருக்கிறார். அதன்பின் நிறங்கள் குமிழியின் உச்சியைச் சுற்றி ஒழுங்கான வளையங்களாக வந்தன. பரந்த வெள்ளை ஒளி, கறுப்புப் பின்னணி, காற்றுத் தடுப்பு. புகைப்படமே இல்லாத காலத்தில் புகைப்படக்காரருக்குத் தேவையான மூன்றையும் ஒருவர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். இன்று ஆலோசனை சொல்கிறவர்களோ எத்தனை கரண்டி சர்க்கரை என்பதிலேயே நின்றுவிடுகிறார்கள்.

பெட்டியும் வேட்டியும்

குமிழியை ஒத்திவைத்துவிட்டுத் தட்டையான படலத்திலிருந்து தொடங்கலாம் என்று முடிவு செய்தோம். சோப்புப் படலத்தைப் படம் எடுப்பவர் உண்மையில் அதில் தெரியும் ஒளிமூலத்தின் பிம்பத்தைத்தான் எடுக்கிறார். தட்டையான படலம் ஒரு சமதள ஆடி. அதில் எது தெரிய வேண்டும் என்பது நம் கையில் இருக்கிறது. குமிழியோ குவியாடி, அறை முழுவதையும் தன்மேல் வாங்கிக்கொள்ளும்.

மிக்சி வந்த அட்டைப்பெட்டி ஒன்றின் உட்புறம் முழுவதும் கறுப்பு வெல்வெட் துணி ஒட்டினோம். தையல் கடையில் மிஞ்சிய துண்டுகளே போதும். கறுப்பு சார்ட் பேப்பர் மலிவுதான், ஆனால் சாய்வாக விழும் ஒளியில் அது பளபளத்துச் சாம்பல் நிறமாகிவிடுகிறது. பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் திறந்திருக்கும். இதனால் பின்னணியும் காற்றுத் தடுப்பும் ஒரே பொருளில் அமைந்துவிட்டன. பிற்பகலில் கடற்காற்று எழுந்துவிடும் ஊரில் இது சிறிய வசதி அல்ல. பெட்டிக்குள் ஈரமான ஸ்பஞ்சுத் துண்டு ஒன்றும் வைத்தோம். உள்ளே ஈரப்பதம் கூடினால் படலத்திலிருந்து நீர் ஆவியாவது குறையும்.

சட்டமாக, 6 செ.மீ. விட்டமுள்ள பிளாஸ்டிக் வளையல். அதன்மேல் பருத்தித் தையல்நூலை நெருக்கமாகச் சுற்றிவிட்டோம். நூல் கரைசலை உறிஞ்சி வைத்துக்கொண்டு படலத்தின் விளிம்பு உலராமல் பார்த்துக்கொள்கிறது. துணி மாட்டும் கிளிப்பால் வளையலைச் செங்குத்தாக நிறுத்தினோம். செங்குத்து என்பதில் சமரசம் கூடாது. புவியீர்ப்பு நீரைக் கீழே இழுப்பதால்தான் மேலே மெல்லியதும் கீழே தடித்ததுமான ஆப்பு வடிவம் படலத்துக்குக் கிடைக்கிறது. பட்டைகள் கிடையாக வருவதும் அதனால்தான்.

ஒளிக்கு வடக்குச் சன்னல். அதன் குறுக்கே வெள்ளை வேட்டி ஒன்றை இரண்டாக மடித்துக் கட்டினோம். ஒளி எவ்வளவு அகலமாக இருக்க வேண்டும் என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. கேமரா படலத்திலிருந்து 30 செ.மீ., வேட்டி 60 செ.மீ. தொலைவில் இருந்தால், 6 செ.மீ. படலம் முழுவதும் நிரம்புவதற்கு 6 × (30 + 60) ÷ 30, அதாவது 18 செ.மீ. அகலமுள்ள வெள்ளைப் பரப்பு போதும். வீட்டுச் சன்னல் எதுவும் இதைவிடப் பெரியதுதான். அப்படியிருந்தும் பலருடைய படங்களில் படலத்தின் ஒரு மூலையில் மட்டும் நிறம் இருப்பதற்குக் காரணம், ஒளியின் அளவு அல்ல, இடம். படுகோணமும் எதிரொளிப்புக் கோணமும் சமமாக வருமாறு கேமராவை வைக்க வேண்டும். இதற்கு எளிய வழி உண்டு. வளையல் இருக்க வேண்டிய இடத்தில் முதலில் சிறிய முகம்பார்க்கும் கண்ணாடியை வையுங்கள். கேமராவின் வழியே பார்த்து, அந்தக் கண்ணாடி முழுவதும் வேட்டியே தெரியும்வரை முக்காலியை நகர்த்துங்கள். பிறகு கண்ணாடியை எடுத்துவிட்டு வளையலை மாட்டினால் நிறம் அங்கே காத்திருக்கும்.

கோணம் எவ்வளவு என்பது தனிக் கேள்வி. பொதுவாக 45 டிகிரி என்பார்கள். நாங்கள் படலத்தின் பரப்புக்குச் செங்குத்தாக வரும் கோட்டிலிருந்து இருபுறமும் 20 டிகிரி மட்டும் வைத்துக்கொண்டோம். இதற்கு இரண்டு காரணங்கள். 45 டிகிரியில் பார்த்தால் 6 செ.மீ. படலத்தின் ஒரு விளிம்பு மற்றொன்றைவிடக் கேமராவிலிருந்து 4 செ.மீ.க்கு மேல் தள்ளியிருக்கும். மேக்ரோ லென்சில் அத்தனை ஆழத்துக்கும் ஃபோக்கஸ் கிடைக்காது. 20 டிகிரியில் அது 2 செ.மீ. அளவுக்குச் சுருங்குகிறது. இன்னொன்று, சாய்வு கூடக் கூட ஒளி படலத்துக்குள் செல்லும் பாதையின் கணக்கு மாறி, நிறத்தைக் கொண்டு தடிமனைச் சொல்வதில் பெரிய திருத்தம் தேவைப்படும். 45 டிகிரியில் திருத்தம் 15 விழுக்காடு. 20 டிகிரியில் 3 விழுக்காடுதான். ஏன் நேராகவே வைக்கக் கூடாது என்றால், லென்சே படலத்தில் கறுப்பு வட்டமாகத் தெரியும்.

கரைசல் பற்றிச் சுருக்கமாக. ஒரு டம்ளர் நீருக்கு ஒரு மேசைக்கரண்டி பாத்திரம் தேய்க்கும் திரவம், அரை மேசைக்கரண்டி கிளிசரின். ஆழ்குழாய் நீர் வேண்டாம். அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் படலத்துக்குக் கேடு. பெட்ரோல் பங்கில் கிடைக்கும் பேட்டரித் தண்ணீர் உப்புகள் நீக்கியது என்பதால் நன்றாக வேலை செய்கிறது. கலக்கியதை ஓர் இரவு அசையாமல் வைத்து, மேலே நிற்கும் நுரையை வழித்துவிட வேண்டும். கிளிசரின் அதிகமானால் படலம் நீண்ட நேரம் நிற்கும், ஆனால் கரைசல் பிசுபிசுப்பாகி வடிவது மெதுவாகிவிடும். நிறங்கள் வருவதற்குள் பொறுமை போய்விடும். கொத்தவரைப் பிசின் கையகலத்தைத் தாண்டிய ராட்சதக் குமிழிகளுக்கு நல்லது. வளையலுக்குள் அதற்கு வேலை இல்லை.

கேமரா செய்யும் குறும்பு

கறுப்புப் பெட்டியைப் பார்க்கும் எந்தக் கேமராவும் காட்சி இருட்டாக இருக்கிறது என்று முடிவுகட்டி, வெளிச்சத்தைக் கூட்டிவிடும். படலம் அதில் வெளிறிப்போகும். அவளுடைய செல்பேசி, சுவர்ச் சிக்கல் தீர்ந்த பிறகும் வெளிறிய படம் தந்தது இதனால்தான். திரையில் படலத்தைத் தொட்டு ஃபோக்கஸைப் பூட்டிவிட்டு, வெளிச்சத்தைக் குறைக்கும் கோட்டைக் கீழே இழுத்ததும் நிறங்கள் ஆழமாயின. கையியக்க முறை உள்ள கேமராவில் முதலில் வேட்டியை அளந்து, அதிலிருந்து மூன்றரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்பது ஒளியை இரட்டிப்பாக்கும் ஒரு படி) வரை கூட்டினால் சரியாக வருகிறது. 8 விழுக்காடு எதிரொளிப்பு என்றால் பன்னிரண்டில் ஒரு பங்கு ஒளி, அது அத்தனை ஸ்டாப்புக்குச் சமம்.

வெள்ளையை வெள்ளையாகக் காட்ட நிறங்களைச் சரிசெய்யும் வெண்சமநிலையைத் தானியங்கியில் விடவே கூடாது. படலம் மெஜந்தாவாக இருக்கும் நொடியில் கேமரா பச்சையைக் கூட்டும், பச்சையாக இருக்கும் நொடியில் மெஜந்தாவைக் கூட்டும். தொடர் படங்களில் அடுத்தடுத்த இரண்டு ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போகும். பகல் ஒளிக்கு நிறுத்திப் பூட்டிவிட வேண்டும். செல்பேசிகளில் இன்னொரு தொல்லை: பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாக இணைக்கும் முறைகள். அசையாத மலைக்கு அவை பொருந்தும். நொடிக்குச் சில சென்டிமீட்டர் வேகத்தில் ஓடும் நிறச் சுழலை அவை தேய்த்துவிடுகின்றன. அவற்றை அணைத்துவிட்டு எடுத்தவை தெளிவாக வந்தன. என் கேமராவில் 1/250 நொடி, எஃப்/11, ஐஎஸ்ஓ 1600 என்ற அளவுகள் மேகம் சூழ்ந்த நாளுக்குப் பொருந்தின.

ஃபோக்கஸ் படலத்தின்மேல் இருக்க வேண்டும், அதில் தெரியும் வேட்டியின்மேல் அல்ல. தானியங்கி ஃபோக்கஸ் வேட்டியின் மடிப்பைப் பிடித்துக்கொள்ளும். வளையலில் சுற்றிய நூலைப் பார்த்துக் கையால் ஃபோக்கஸ் செய்தால், நெசவும் மடிப்பும் கலங்கிச் சீரான வெண்மையாகிவிடுகின்றன. வண்ணம் கூட்டும் என்று, எதிரொளிப்பை வடிகட்டும் போலரைசர் கண்ணாடியை லென்சில் மாட்டுகிறவர்கள் உண்டு. இந்த வேலைக்கு அது எதிரி. 53 டிகிரி அளவில் சாய்த்துப் பார்த்தால், தவறான நிலையில் திருப்பிய போலரைசர் படலத்தின் எதிரொளிப்பையே துடைத்தெடுத்துவிடும்.

ஒரே படலம், தொடக்கம் முதல் முடிவு வரை

கண்காட்சிக்குத் தேர்ந்தது ஒரே படலத்தின் தொடர் படங்கள். அவற்றை வரிசையாகப் படிப்பதுதான் இந்த ஆய்வின் சாரம்.

வளையலைக் கரைசலில் முக்கி எடுத்து மாட்டியதும் படலத்தில் நிறமே இல்லை. அப்போது அதன் தடிமன் பல மைக்ரோமீட்டர். தடித்த படலத்தில் ஒரே நேரத்தில் பல அலைநீளங்கள் வலுப்பெறுகின்றன, அவற்றுக்கிடையே பல அழிகின்றன. எல்லாம் கலந்து கண்ணுக்கு வெள்ளையாகத்தான் தெரியும். சில நொடிகளில் மேல்விளிம்பில் வெளிறிய இளஞ்சிவப்பும் பச்சையும் மாறிமாறித் தோன்றிக் கீழே இறங்குகின்றன. நேரம் ஆக ஆக மேலே வரும் பட்டைகள் அகலமாகவும் நிறம் செறிந்தும் வருகின்றன. அக்கா மகளுக்கு இங்கே ஓர் அவசரம் வந்துவிட்டது. முதல் இளஞ்சிவப்பைக் கண்டதுமே தொடர்ந்து அழுத்தத் தொடங்கிவிட்டாள். உண்மையில் சிறந்த நிறங்கள் அதன் பிறகுதான் வருகின்றன.

இரண்டாவது கட்டத்துப் படங்களில் கவனத்தை ஈர்ப்பது நடுப்பகுதி அல்ல, ஓரம். வளையலை ஒட்டிச் சிறு சிறு இழைகள் புறப்பட்டு, சுருண்டு, மேல்நோக்கி எழுகின்றன. கீழே வடிந்துகொண்டிருக்கும் படலத்தில் மேலே போகும் இவை எங்கிருந்து வருகின்றன? படலம் வளையலைத் தொடும் இடத்தில் கரைசல் வளைந்து தடித்து நிற்கிறது. அங்கே அழுத்தம் குறைவு. அருகிலுள்ள படலத்திலிருந்து நீர் அந்த ஓரத்துக்குள் உறிஞ்சப்படுகிறது. நீர் இழந்து மெலிந்த திட்டுகள் சுற்றியுள்ள தடித்த பகுதியைவிட எடை குறைந்தவையாதலால், தமக்கு ஒத்த தடிமன் உள்ள உயரம்வரை மிதந்து எழுகின்றன. சோப்புப் படலங்களை ஆராய்ந்த மைசல்ஸ், ஷினோடா, ஃபிராங்கல் ஆகிய மூவரும் 1959-இல் வெளியிட்ட நூலில் இதை விரிவாக எழுதினார்கள். படலம் மெலிவதற்குப் பெரும் காரணம், நீர் நேராகக் கீழே வடிவது அல்ல, இந்த ஓர வேலைதான். புகைப்படக்காரர்கள் விரும்பும் சுழல்களில் பெரும்பகுதியும் இங்கேதான் பிறக்கிறது. சட்டத்தை வெட்டிவிட்டுப் படலத்தின் நடுவை மட்டும் நெருக்கமாக எடுப்பது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஓரத்தையும் சேர்த்து எடுத்த படத்தில் கதை முழுமையாக இருக்கிறது.

மூன்றாவது கட்டத்தில் உச்சியில் நிறம் கழன்றுகொள்கிறது. மெஜந்தாவுக்கு மேலே மஞ்சள், அதற்கு மேலே வெள்ளி நிற வெண்மை. 100 நானோமீட்டர் அளவில் கண்ணுக்குத் தெரியும் எல்லா நிறங்களும் ஏறக்குறைய ஒன்றாக வலுப்பெறுவதால் இந்த வெண்மை வருகிறது. படலம் மிகப் பிரகாசமாக இருப்பதும் இங்கேதான். அதற்கும் மேலே கறுப்பு.

கறுப்பைக் கண்டதும் படலம் கிழிந்துவிட்டது என்றுதான் பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். 1672-இல் ராபர்ட் ஹூக் லண்டன் ராயல் சொசைட்டியில் இதை விவரித்தபோதும் ஓட்டைபோலத் தெரிவதாகவே சொன்னார். படலம் அங்கே இருக்கிறது. கரைசலில் தோய்த்த ஊசியை அந்த இடத்தில் செருகினால் படலம் ஊசியைச் சுற்றிக்கொண்டு உடையாமல் நிற்பதைப் பார்க்கலாம். கறுப்பாகத் தெரிவதன் காரணம் எளிது: முன்பரப்பில் எதிரொளிக்கும் அலை தலைகீழாகத் திரும்புகிறது, பின்பரப்பில் எதிரொளிப்பது அப்படித் திரும்புவதில்லை. படலம் ஒளியின் அலைநீளத்தைவிட மிகவும் மெலிந்துவிட்டால் இரண்டுக்கும் பாதை வேறுபாடு ஏறக்குறைய இல்லாமல் போகிறது. மேடும் பள்ளமும் சந்தித்து எல்லா நிறங்களும் ஒன்றாக அழிகின்றன.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது கறுப்பிலும் இரண்டு வகை தெரிந்தது. ஒன்று அடர் சாம்பல், மற்றொன்று முழுக் கறுப்பு. முதலாவது 10 முதல் 30 நானோமீட்டர் வரை, கரைசலில் உள்ள உப்பைப் பொறுத்து. 30 நானோமீட்டர் படலம் வெள்ளிப் பட்டையின் பிரகாசத்தில் ஐந்தில் ஒரு பங்கை எதிரொளிக்கும். இரண்டாவது 5 நானோமீட்டர் அளவு மட்டுமே; சோப்பு மூலக்கூறுகளின் இரண்டு அடுக்குகளும் இடையில் சொற்ப நீரும்தான் அதில் மிச்சம். நியூட்டன் பெயரால் அழைக்கப்படும் கறுப்புப் படலம் இது. அதன் எதிரொளிப்பு வெள்ளிப் பட்டையில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. வெளிச்சத்தைச் சரியாகக் குறைத்து எடுத்த படங்களில்தான் இந்த வேறுபாடு நிலைக்கிறது.

நிறப் பட்டைகள் ஒன்றிலிருந்து ஒன்றாக இழைந்து மாறுகின்றன. கறுப்பின் விளிம்பு மட்டும் கூர்மையாக நிற்கிறது. தடிமன் அங்கே படிப்படியாகக் குறையவில்லை, சட்டென்று இறங்குகிறது. இரண்டு பரப்புகளுக்கும் இடையே உள்ள மின் விலக்கமும் மூலக்கூறு ஈர்ப்பும் சமநிலைக்கு வரும் தடிமன்கள் சிலவே உள்ளன, இடைப்பட்ட அளவுகளில் படலம் நிலைத்து நிற்பதில்லை. வெள்ளிப் பட்டைக்குள் கறுப்புப் புள்ளிகள் வட்டவட்டமாகத் தோன்றி, மேலே மிதந்து, உச்சியில் உள்ள கறுப்போடு சேர்ந்துகொள்கின்றன. தொடரிலேயே சிறந்த படம் எனக்கு இதுதான். அக்கா மகளுக்கு வேறு கருத்து. நிறம் குறைந்துவிட்டது என்றாள். கண்காட்சிக்கு அவள் தேர்ந்தெடுத்தது இதற்குச் சற்று முன்னால் எடுத்தது.

எண்ணும் முறை

நிறங்களைப் பெயர் சொல்லி அளப்பது நம்பகமானதல்ல. ஒருவர் மஞ்சள் என்பதை இன்னொருவர் ஆரஞ்சு என்பார். ஆகவே மெஜந்தாவை மட்டும் எண்ணுவது என்று வைத்துக்கொண்டோம். பச்சை, அதாவது 550 நானோமீட்டர் அளவு ஒளி, அழியும் இடத்தில் எஞ்சிய சிவப்பும் நீலமும் சேர்ந்து மெஜந்தாவாகத் தெரியும். நேராகப் பார்த்தால் இது 207 நானோமீட்டருக்கு ஒருமுறை நிகழும். எங்கள் 20 டிகிரிச் சாய்வுக்குத் திருத்தினால் 214. கறுப்பிலிருந்து கீழ்நோக்கி முதல் மெஜந்தா 214, இரண்டாவது 428, மூன்றாவது 642. படத்தின் ஓரத்தில் இந்த எண்களை ஒரு கோலாக அச்சிட்டதும் அவள் கேட்ட படம் கிடைத்துவிட்டது. கறுப்பு ஒரு மூலையிலாவது தெரியும் படத்தில்தான் இந்தக் கணக்கு செல்லும். கறுப்பு தோன்றுவதற்கு முன்னால் எடுத்த படத்தில் எந்த மெஜந்தா முதலாவது என்று நிச்சயமாகச் சொல்ல வழியில்லை. அவள் எடுத்த தொடக்கக்காலப் படங்கள், பின்னணி சரியான பிறகும், அழகுக்குப் பயன்பட்டு அளவுக்குப் பயன்படாமல் போனது இதனால்தான்.

படலம் உடையும் கணத்தையும் எடுக்க வேண்டும் என்ற ஆசை இளையவர்களுக்கு எழுவது இயல்பு. 1 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள படலத்தில் கிழிசல் நொடிக்கு 7 மீட்டர் அளவில் ஓடும். 100 நானோமீட்டரில் 22 மீட்டர். 6 செ.மீ. வளையலில் சில மில்லிநொடிகளுக்குள் எல்லாம் முடிந்துவிடும். சன்னல் ஒளியில் அது ஆகாத காரியம். பிரிட்டிஷ் இயற்பியலாளர் லார்டு ராலே 1891-இல் மின்பொறியின் கணநேர ஒளியில் இதைப் படமாக்கினார். 1904-இல் லூசியன் புல் பாரிசில் குமிழி உடைவதை அதிவேகத் திரைப்படமாகவே எடுத்தார். நமக்குக் கிடைப்பது, நிறம் நிறைந்த ஒரு படமும் அடுத்து வெறும் வளையலும்.

குமிழிகள்

தட்டைப் படலத்தில் கற்றதை வைத்துக் குமிழிக்குத் திரும்பினோம். பறக்கும் குமிழியை விட்டுவிட்டு, கறுப்புத் தட்டில் கரைசலைப் பூசி அதன்மேல் உறிஞ்சுகுழலால் அரைக்கோளமாக ஊதினால் அது அசையாது. ஒளி மட்டும் எல்லாப் பக்கமிருந்தும் வர வேண்டும். பால்வண்ணப் பிளாஸ்டிக் வாளியின் பக்கத்தில் லென்சுக்கு ஒரு துளையிட்டு, குமிழியின்மேல் கவிழ்த்து, வாளியை வெளியிலிருந்து ஒளியூட்டினோம். குமிழியின் பின்சுவரும் எதிரொளிக்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது. சன்னல் எதிரே இருந்தால் முன்சுவரில் அது நிமிர்ந்தும், குழியாடியாக வேலை செய்யும் பின்சுவரில் தலைகீழாகவும் தெரியும். வாளிக்குள் இந்த இரட்டைச் சன்னல் மறைந்தது. லென்சுக்கு இட்ட துளை கரும்பொட்டாகக் குமிழியில் விழுவதைத் தவிர்க்க வழியில்லை. துளையைச் சிறிதாக்கி, பொட்டைக் குமிழியின் ஓரத்துக்குத் தள்ளினோம். வளையங்கள் நன்றாகவே வந்தன. ஆனால் வளைந்த பரப்பில் ஒவ்வொரு இடத்திலும் கோணம் மாறுவதால் எண்ணும் கோலை இங்கே ஒட்ட முடியாது. கண்காட்சியில் இது அலங்காரப் படமாக மட்டும் நின்றது.

கோல் அச்சிட்ட தட்டைப் படலப் படத்தில் ஒரு குறை பாக்கி இருக்கிறது. ஆறாவது மெஜந்தாவுக்குக் கீழே, அதாவது 1,280 நானோமீட்டருக்கு மேல், பட்டைகள் வெளிறி எண்ண முடியாமல் போகின்றன. வெள்ளை ஒளியில் இதற்குத் தீர்வு இல்லை. 589 நானோமீட்டர் அளவில் ஒரே மஞ்சள் ஒளியைத் தரும் சோடியம் ஆவி விளக்கில் எடுத்தால், வளையலின் அடிவரை மஞ்சளும் கறுப்புமாகப் பட்டைகள் வரும். எங்கள் சாய்வில் ஒவ்வொன்றுக்கும் 229 நானோமீட்டர். நியூட்டன் வளையச் சோதனைக்கும் காற்று ஆப்புச் சோதனைக்கும் கல்லூரி இயற்பியல் ஆய்வகங்களில் அந்த விளக்கை வைத்திருக்கிறார்கள். அதன் ஒளி வரும் வாய் சிறியது. ஆகவே அதற்கும் படலத்துக்கும் இடையில் கணக்குப்படி குறைந்தது 18 செ.மீ. அகலமுள்ள டிரேசிங் பேப்பரை நிறுத்த வேண்டும், ஐஎஸ்ஓவையும் இன்னும் உயர்த்த வேண்டியிருக்கும்.